பத்திரிகை வைக்கப் போன கரண்டு கார்

எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகையை நேரில்தான் வைக்க வேண்டும். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள், குங்குமம், அதன்மேல் பத்திரிகை. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து நின்று கொடுக்க வேண்டும். போனில் படமாக அனுப்பினால், அதைப் பார்த்துவிட்டு, "எங்களுக்கு இன்னும் பத்திரிகை வரலயே" என்று ஊரெல்லாம் சொல்கிற சொந்தக்காரர்கள் எனக்கு நிறைய உண்டு. வைகாசிக் கடைசியில் மகள் நித்யாவுக்குத் திருநெல்வேலி டவுனில் கல்யாணம். அதனால் சித்திரை வெயிலில் பெங்களூரிலிருந்து நானும் என் வீட்டுக்காரர் சிவசைலமும் ஊருக்குக் கிளம்பினோம்.

ரயிலில் போய் அங்கே ஒரு வாடகைக் கார் வைத்துக்கொள்ளலாம் என்றேன். அவர் கேட்கவில்லை. ஓய்வு பெற்ற கையோடு வாங்கிய மின்சாரக் கார் கீழே நிற்கும்போது வாடகைக் கார் எதற்கு என்றார். எங்கள் அடுக்குமாடியில் ராத்திரி வயரைச் சொருகி, காலையில் பிடுங்கி, காய்கறி வாங்கவும் கோயிலுக்குப் போகவும் ஓட்டிப் பழகிய கார் அது. நெடுஞ்சாலையில் அதைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. சாப்பிட நிறுத்திய இடத்திலெல்லாம் சார்ஜ் போட வசதி இருந்தது. பின் இருக்கைக்குக் கீழே, வீட்டுச் சுவரில் இருப்பது போலவே ஒரு பிளக் வைத்திருக்கிறார்கள். கரூர் தாண்டி ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, அதில் கெட்டிலைச் சொருகி அவரே காபி போட்டுக் கொடுத்தார். "பார்த்தியா கோமதி?" என்றார். பத்தடி தள்ளி ஒரு நல்ல காபிக்கடை இருந்தது.

தொல்லையெல்லாம் ஊருக்கு வந்த பிறகுதான். நெடுஞ்சாலை நேராகப் போகிறது. சொந்தக்காரர்கள் அதன் ஓரமாகக் குடியிருப்பதில்லை. ஒரு வீடு பொதிகை மலை அடிவாரத்தில், ஒரு வீடு கடற்கரையில், மிச்சப் பேர் தாமிரபரணியின் இரண்டு கரையிலும் ஊருக்கு இரண்டு வீடாக.

பாளையங்கோட்டையில் என் நாத்தனார் வீட்டில் தங்கினோம். மூன்றாவது மாடி. அங்கிருந்து கீழே வயர் விட்டால் இரண்டு மாடிக்காரர்களும் சண்டைக்கு வருவார்கள். ஆகவே முதல் நாள் விடிந்ததும் பைபாஸ் ரோட்டில் இருந்த சார்ஜ் போடும் இடத்துக்குப் போனோம். இரண்டு மெஷின், ஒன்றில் விளக்கே எரியவில்லை. இன்னொன்றில் ஒரு வாடகைக் கார் நின்றது.

"அது ஒரு வாரமா வேல செய்யல அண்ணாச்சி," என்றார் அதன் டிரைவர். "இதுலதான் எல்லாரும் மாத்தி மாத்திப் போடுதோம். நான் தூத்துக்குடி ஏர்போர்ட்டுக்குப் போணும். பாதி ஏறுனதும் எடுத்துருதேன், என்ன?"

பெங்களூராக இருந்தால் ஆளுக்கு ஒரு போனில் தலையைக் கவிழ்த்திருப்போம். இங்கே, பாதி ஏறுவதற்குள், எங்களுக்கு எந்த ஊர், மாப்பிள்ளைக்கு என்ன வேலை, மண்டபத்தில் சமையல் யார் என்பது வரைக்கும் அவர் கேட்டுத் தெரிந்துகொண்டார். சமையல்காரர் பெயரைக் கேட்டதும் முகத்தைச் சுளித்தார். அன்று முழுக்க அந்தச் சுளிப்பு என் மனசை விட்டுப் போகவில்லை.

பிறகு டவுனிலும் பேட்டையிலும் வீடு வீடாக ஏறி இறங்கினோம். முதல் வீட்டில் இட்லி, வடை. இரண்டாவது வீட்டில் கேசரி. மூன்றாவது வீட்டில் இலையே போட்டுவிட்டார்கள். "கை நனைக்காமப் போனா எப்படி?" என்று கேட்டால் அதற்குமேல் பேச்சில்லை. முழங்கால் வலியோடு மாடி ஏறி, வயிற்றில் இடமில்லாமல் சாப்பிட்டு, சிரித்து, மறுபடி மாடி இறங்கினோம். ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு கேள்விகள். ஒன்று அவருக்கு: "கரண்டுலயா ஓடுது? ஒரு தடவ போட்டா எவ்வளவு தூரம் போகும்?" இன்னொன்று எனக்கு: "ஒங்க அண்ணன் என்ன சொல்லுதான்? வருவானா?"

முதல் கேள்விக்கு அவர் அன்றைக்கு "நானூறு கிலோமீட்டர்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாவது கேள்வி வந்ததும் நான் தட்டை நீட்டிப் பேச்சை மாற்றிக்கொண்டிருந்தேன்.

என் அண்ணன் சங்கரலிங்கம், நித்யாவுக்குத் தாய்மாமன். எனக்கு வேறு உடன்பிறப்பு கிடையாது. சாத்தான்குளம் பக்கம் செம்மணல் தேரியோரத்து ஊர் ஒன்றில் வாத்தியாராக இருந்து, ஓய்வு பெற்று, அங்கேயே மதினியின் ஊரென்று தங்கிவிட்டவன். மாப்பிள்ளை பார்த்து முடிவு செய்த பிறகுதான் அவனுக்குச் சொன்னோம். அதிலிருந்து போன் பண்ணினால், "ம், சரி, நல்லது. வைக்கேன்" என்று வைத்துவிடுவான். முன்பெல்லாம் மணிக்கணக்காகப் பேசுகிறவன். "என்னைக் கேக்காம முடிவு பண்ணிட்டேங்களேன்னு கோவமா இருப்பான்" என்று சொந்தங்கள் பேசிக்கொண்டன. நானும் அப்படித்தான் நினைத்தேன். தாய்மாமன் மாலை போடாமல் எங்கள் வீட்டுப் பெண் மணவறைக்குப் போகிற வழக்கம் கிடையாது.

இரண்டாம் நாள் மேற்கே போனோம். சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம். வாய்க்காலில் தண்ணீர் குறைந்து கிடந்தது. வயல்களில் அறுத்த தாள். ஏசி போட்டால் சார்ஜ் குறைகிறதென்று அவர் ஏசியை நிறுத்திவிட்டார். கண்ணாடியை இறக்கினால் அடுப்புக்கு நேராக முகத்தைக் காட்டுவது போல இருந்தது. பட்டுப்புடவை முதுகில் ஒட்டிக்கொண்டது. திரையில் தெரிகிற எண்ணைப் பார்ப்பது, ரோட்டைப் பார்ப்பது, மறுபடி எண்ணைப் பார்ப்பது என்று அவர் ஓட்டினார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் அதையே பார்த்தேன். வழியில் இருந்த ஆறு, மலை, ஒன்றையும் பார்த்த நினைவில்லை.

விக்கிரமசிங்கபுரத்தில் அவருடைய பெரியப்பா மகன் வீடு. அங்கே சார்ஜ் போடலாம் என்று நம்பி வந்திருந்தோம். வயரைச் சொருகினால் காரில் சிவப்பு விளக்கு எரிந்தது. எர்த் சரியில்லையாம். வீட்டில் முப்பது வருஷமாக ஃபேனும் மிக்ஸியும் ஓடுகின்றன. காருக்கு மட்டும் அது போதவில்லை. எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்து, கொல்லையில் பூமிக்குள் போகிற கம்பியைத் தேடிக் கண்டுபிடித்து, "இது காஞ்சு கெடக்கு அண்ணாச்சி. ரெண்டு குடம் உப்புத் தண்ணி ஊத்துங்க" என்றார். அந்த வீட்டு அக்கா உப்பைக் கரைத்துக் கரைத்துக் கொடுக்க, என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டி, குடம் குடமாக மண்ணில் ஊற்றினார். மூன்றாவது குடத்தில் பச்சை விளக்கு எரிந்தது. அவர் அதைக் கோபுர தரிசனம் போல நின்று பார்த்தார்.

ஆனால் வீட்டு பிளக்கில் ஏறுவது கொஞ்சம் கொஞ்சமாகத்தான். பத்து நிமிஷத்தில் பத்திரிகை வைத்துக் கிளம்ப நினைத்த வீட்டில் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தோம். மத்தியானச் சாப்பாடு, கூடத்தில் பாய் விரித்து ஒரு தூக்கம், மறுபடி காபி. பேச்சுத் தீர்ந்து, பழைய கல்யாண ஆல்பங்களும் தீர்ந்தன. கிளம்பும்போது காரில் இருபது சதவீதம் கூட ஏறியிருக்கவில்லை. அன்றைக்கு அவர் சொன்ன எண் முந்நூறாக இறங்கியிருந்தது.

மூன்றாம் நாள் கிழக்கே. காலையில் பைபாஸ் மெஷின் முன்னால் வரிசை நின்றது. காத்திருந்தால் வெயில் ஏறிவிடும் என்று, இருந்த சார்ஜோடு கிளம்பினோம். ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு வீடு, ஏரலில் இரண்டு வீடு. ஏரலில் பதநீர் கொடுத்தார்கள். அந்தப் பயணத்திலேயே நான் ஆசையாகக் குடித்தது அது ஒன்றுதான்.

திருச்செந்தூரில் சார்ஜ் போடும் இடம் இருப்பதாகப் போன் சொன்னது. இருந்தது. அதன்முன் குறுக்காக ஒரு வேன் நின்றது. உள்ளே டிரைவர் தூங்கிக்கொண்டிருந்தார். கண்ணாடியைத் தட்டினோம். வண்டி நிறுத்துகிற இடம் என்று நினைத்தாராம்; சாவி முதலாளியிடம் இருக்கிறது, அவர் முருகனைப் பார்க்க வரிசையில் நிற்கிறார், எப்படியும் இரண்டு மூன்று மணி நேரமாகும் என்று மலையாளத்தில் சொன்னார். சொல்லிவிட்டு, பாவம், எங்களுக்கு நேந்திரங்காய் வறுவல் கொடுத்தார். வரிசையைப் பார்த்தோம். கோயிலைச் சுற்றி ரோடு வரைக்கும் வந்திருந்தது.

"அண்ணன் வீட்டுக்குப் போயிட்டுத் திரும்பி இங்கேயே வருவோம். அதுக்குள்ள இவங்க கிளம்பியிருப்பாங்க," என்றார் அவர். "அங்கே பத்து நிமிஷத்துக்குமேல் உட்கார வேண்டாம்."

நானும் அதைத்தான் விரும்பினேன். முகம் கொடுக்காதவன் வீட்டில் எத்தனை நேரம் உட்கார முடியும்?

குலசேகரன்பட்டினம் தாண்டி, உடன்குடியில் கருப்பட்டி வாங்கிக்கொண்டு உள்ளே திரும்பினோம். தேரி என்பது செக்கச்செவேலென்ற மணல்காடு. பனையும் உடைமரமும் கொல்லாமரமும் அங்கங்கே நிற்கும். எதிர்காற்று மணலை வாரி ரோட்டின்மேல் போட்டிருந்தது. சக்கரம் அதில் ஏறும்போதெல்லாம் எண் இறங்கியது. வீடும் இல்லை, கடையும் இல்லை, எதிரே ஒரு வண்டியும் இல்லை. "இங்கே நின்னா என்ன செய்வோம்?" என்று கேட்டேன். "நிக்காது," என்றார். அவர் கழுத்தில் வியர்வை கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் வீட்டு வாசலில் கார் நின்றபோது இருபத்து நான்கு சதவீதம். திரும்பித் திருச்செந்தூர் போகப் போதும். வேறெங்கும் போகக் காணாது.

மதினி கதவைத் திறந்தாள். எங்களைப் பார்த்ததும் அவள் முகத்தில் வந்தது சந்தோஷம் இல்லை, பயம்.

"வாரோம்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா கோமதி?" என்றாள்.

சொல்லாமல் வந்தது வேண்டுமென்றேதான். சொன்னால் ஏதாவது சாக்குச் சொல்வான் என்று நினைத்தேன். உள்ளே ஒரு மெஷின் சத்தம் கேட்டது. புஸ்ஸென்று இழுத்து, சற்று நிறுத்தி, மறுபடி புஸ்ஸென்று விடுகிற சத்தம். உள்ளறையில் ஜன்னலோரம் நாற்காலியில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். பாதியாக இளைத்திருந்தான். மூக்கில் பிளாஸ்டிக் குழாய். குழாயின் மறுமுனை காலடியில் இருந்த ஒரு பெட்டிக்குப் போனது.

"வந்துட்டியாட்டி," என்றான். "வாங்க... மாப்பிள்ளை."

நான் தட்டை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. நுரையீரல் சுருங்கிக்கொண்டே வருகிற வியாதியாம். ஒரு வருஷத்துக்குமேல் ஆகிறது; பேசவே மூச்சு வாங்குவது இந்தச் சில மாதமாகத்தான். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கிற மெஷின் அது. அது இல்லாமல் அவனால் பத்தடி நடக்க முடியாது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று மதினியிடம் கத்தினேன்.

"கல்யாண வேல நடக்கு, அவள இங்கன இழுத்துவிடாதன்னு அவுகதான் சத்தியம் வாங்கிட்டாக."

"போன்ல கூடச் சரியா பேசமாட்டேங்கியே அண்ணே. நான் என்னவெல்லாமோ நெனச்சேன்."

அவன் சிரித்தான். "ரெண்டு வார்த்தைக்கு மேல... மூச்சு வராதுட்டி. நீ பேச ஆரம்பிச்சா... நிறுத்தவா செய்வ?"

பத்திரிகையைக் கையில் கொடுத்தோம். கண்ணாடியைப் போட்டு முழுவதும் வாசித்தான். தாய்மாமன் என்று தன் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்து, அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தான். "ஆசீர்வாதம்... இங்கன இருந்தே செய்யுதேன்," என்றான். "இந்த வயரு... எவ்வளவு நீளமோ... அவ்வளவுதான் நான்."

மதினி சமையலறைக்குப் போய்விட்டாள். அவள் அழுகிற சத்தம் கேட்கக்கூடாதென்று தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டிருந்தாள்.

அப்போதுதான் வானம் செம்மண் நிறமாக மாறியது. தேரியிலிருந்து காற்று கிளம்பிக் கதவுகளை அடித்தது. பெரிய பெரிய துளியாகக் கோடைமழை. எங்கோ மரம் முறிகிற சத்தம். ஃபேன் நின்றது. மெஷின் நீளமாக ஒரு கூவல் கூவி நின்றது.

"ஆக்சிஜன் சிலிண்டர் எங்கே?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"நேத்து கரண்டு போனதுல தீந்துட்டு. நெறைக்க திருச்செந்தூருக்குக் கொடுத்துவிட்டிருக்கேன். இன்னும் வரலயே," என்று மதினி ஓடிவந்தாள். இன்வெர்ட்டரைப் போட்டாள். மெஷின் ஒருமுறை இழுத்துவிட்டு மறுபடி நின்றது. பேட்டரி பழசு, ஃபேனுக்கே தாங்காது. அண்ணன் இரண்டு கையையும் தொடையில் ஊன்றி முன்னால் குனிந்தான். தோள்கள் ஏறி ஏறி இறங்கின. உதடு நிறம் மாறுவதை என் கண்ணால் பார்த்தேன். முதுகைத் தடவுவதைத் தவிர எனக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் வெளியே ஓடியிருந்தார். மழையில் காரைப் பின்னால் எடுத்து, சுவரை உரசிக்கொண்டு ஜன்னலை ஒட்டி நிறுத்தினார். "வயர்! நீள வயர் ஏதாவது இருக்கா?" என்று கத்தினார். மோட்டாருக்கு வாங்கிய வயர்ச் சுருள் பரணில் கிடந்தது. மதினி நாற்காலிமேல் ஏறி அதை இழுத்துப் போட்டாள். ஒரு முனை காரின் பின் இருக்கைக்குக் கீழே. மறுமுனை ஜன்னல் கம்பி வழியாக என் கைக்கு. நான் மெஷினைச் சொருகினேன். முதல் தடவை சரியாக உள்ளே போகவில்லை. இரண்டாவது தடவை புஸ்ஸென்று இழுத்தது.

அண்ணன் மூச்சு மெல்ல மெல்லச் சீரானது. மழை விட்டது. கம்பியில் பனை விழுந்துவிட்டதாம், ஆள் வந்து எடுக்க நேரமாகும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

நான் காருக்குப் போனேன். அவர் நனைந்த வேட்டியோடு முன்னால் உட்கார்ந்து எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். "பதினைந்துக்குக் கீழே போனா பிளக்குல கரண்டு வராது. காரே நிப்பாட்டிடும்," என்றார். "நாம திருச்செந்தூருக்குத் திரும்ப வச்சிருந்தது எல்லாம் இதுலதான் போகுது."

"போகட்டும்," என்றேன்.

"நான் அதுக்குச் சொல்லல கோமதி. போதுமான்னு பாக்குதேன்." பெங்களூரில் முப்பது வருஷமாகப் பேசாத ஊர்ப் பேச்சு அவர் வாயில் தானாக வந்தது. விளக்கு வைக்கிற நேரம் தாண்டி ஊரில் கரண்டு வந்தபோது எண் பதினேழு. அதற்குச் சற்று முன்னால்தான் நிறைத்த சிலிண்டரும் வந்து சேர்ந்தது. அவர் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். நான் தோளைத் தொட்டபோதுதான் அழுதுகொண்டிருக்கிறார் என்று தெரிந்தது.

அன்று அங்கேயே தங்கினோம். கிணற்று மோட்டார் பிளக்கில் நல்ல எர்த் இருந்தது. விடிய விடியக் கார் சார்ஜ் ஏறியது.

காலையில் அண்ணன் அவரைக் கூப்பிட்டான். "மாப்பிள்ளை... கார் ஓடும்போதும்... அந்தப் பிளக்குல கரண்டு வருமா?"

"வரும் அத்தான்."

"அப்போ... சாத்தான்குளம் வரைக்கும்... போயிட்டு வருவமா? சவரம் பண்ணணும். இவ... பண்ணுதேன்னு சொல்லி... ரெண்டு வாட்டி அறுத்துட்டா."

மதினி பதறினாள். டாக்டருக்குப் போன் போட்டோம். மெஷின் நிற்காமல் ஓடினால், சிலிண்டரும் கூட இருந்தால், போகலாம் என்றார். மெஷினைப் பின்னால் வைத்து, அண்ணனை முன்னால் உட்காரவைத்தோம். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவன் தன் வாசலைத் தாண்டினான்.

சலூனில் படியேற முடியாது. சலூன்காரர் கத்தியும் கிண்ணமுமாகக் காருக்கே வந்துவிட்டார். சீட்டைச் சாய்த்து, குழாயை நெற்றிப் பக்கமாக ஒதுக்கிப் பிடித்து, மீசையில் கைபடாமல் அவர் சவரம் செய்தார். அதற்குள் சுற்றிக் கூட்டம்.

"ஏலே, நம்ம கணக்கு சார்ல!"

"சார், என்னத் தெரியுதா? நீங்க பெஞ்சு மேல ஏத்துனீங்களே!"

"எத்தன பேர... ஏத்துனேன். எவன்னு... கண்டேன்?" என்றான் அண்ணன். கூட்டம் சிரித்தது. யாரோ டீ கொண்டுவந்தார்கள். குழாயோடு அவன் டீயை ஊதி ஊதிக் குடித்ததைப் பின் இருக்கையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று நாள் அலைச்சலில் எனக்கு உடம்பெல்லாம் வலித்தது. அழுவதற்குக்கூடத் தெம்பில்லை.

டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவன் கேட்டான்: "மாப்பிள்ளை... திருநெல்வேலி வரைக்கும்... தாங்குமா?"

அவர் திரையைப் பார்த்து, மனசுக்குள் கணக்குப் போட்டார். நானூறு என்றோ முந்நூறு என்றோ சொல்லவில்லை. "உங்க வீட்டுல ராத்திரி முழுக்கப் போட்டுட்டுக் கிளம்புனா, ஏசி, மெஷின் எல்லாம் ஓடினாலும் போய்ச் சேர்ந்து பாதிக்குமேல மிச்சம் இருக்கும். வழியில எங்கேயும் நிக்க வேண்டாம் அத்தான். நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

மீதி வீடுகளுக்கும் பத்திரிகை வைத்தோம். களைப்பு தீரவில்லை, கேள்விகளும் தீரவில்லை. ஒரு வீட்டில், "அண்ணன் கோவமா இருக்கானாமே?" என்று கேட்டவரிடம், "ஆமா, அவனுக்கு மூச்சுவிடவே நேரமில்ல," என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் பெண்ணின் அப்பாவே போய் அவனை அழைத்துவந்தார். கல்யாண வேலையைப் போட்டுவிட்டுப் போவதா என்று எல்லாரும் திட்டினார்கள். மண்டபத்தில் மணமேடைக்குப் பக்கத்து அறையை அண்ணனுக்கு ஒதுக்கினோம். முகூர்த்த நேரத்தில்தான் ஒரு சங்கடம் தெரிந்தது. குழாய் அறை வாசலோடு முடிந்துவிட்டது. மெஷினை வெளியே தள்ளினால் வயர் எட்டவில்லை; சிலிண்டரோ காரிலேயே இருந்தது. மாலையைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணன் வாசலிலேயே நின்றான். மேடைக்குக் கீழே நின்றிருந்த நித்யா மாமாவைப் பார்த்தாள். ஐயர் மந்திரத்தை நிறுத்தினார்.

மேடையில் பட்டு வேட்டியோடு உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அப்பா எழுந்தார். வீடியோக்காரரின் விளக்குக்குப் போட்டிருந்த வயர்ப் பெட்டியைப் பிடுங்கினார். கூடத்தில் ஒரு பக்கம் இருட்டானது. "இதுல சொருகுங்கம்மா," என்று என்னிடம் நீட்டினார். நான் மெஷினைத் தள்ள, அவர் வயரைச் சுருள் சுருளாகக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வர, அண்ணன் ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்துப் போய் மருமகள் கழுத்தில் மாலையைப் போட்டான். "நல்லா இருக்கணும்ட்டி" என்று சொல்ல வாயெடுத்தான். பாதிதான் வந்தது.

மறுவீட்டில் தேங்காய்ப்பால் சொதிச் சாப்பாடு முடிந்ததும் என் வீட்டுக்காரர் காய்ச்சலில் படுத்துவிட்டார். அண்ணனையும் மதினியையும் ஊரில் கொண்டுவிட நான்தான் காரை எடுத்தேன். மதினி பின்னால் மெஷினோடு உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். அண்ணனும் சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தான். பாளையங்கோட்டை தாண்டியதும் ரோட்டில் ஆளில்லை. இரண்டு பக்கமும் கரிசல், தூரத்தில் காற்றாலைகள். தூக்கம் இல்லாத எத்தனையோ நாட்கள் என் கண்ணில் எரிந்துகொண்டிருந்தன. பின்னால் மெஷின் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது.

அண்ணன் கண்ணைத் திறந்தான். "எங்கன வந்திருக்கோம்?"

"பேய்க்குளம் வரப்போகுது அண்ணே."

அவன் கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கினான். வெளிக்காற்று அவன் முகத்தில் அடித்தது.

"பைய ஓட்டுட்டி," என்றான். "வீடு எங்கயும் போயிராது."